ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தை விளங்கிக்கொள்வது எப்படி?

மாணவர்களே, ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி பெறும் ஒருவர் கிளாஸ்கோ நகரில் பஸ் ஏறி, சாரதி சொல்வது விளங்காமல் திகைத்து நிற்கக்கூடும். அதனால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றாகுமா? ஆகாது. அவரது காது வேறோர் உச்சரிப்புக்குப் பழகியுள்ளது, அவ்வளவே. ஸ்கொட்லாந்து உச்சரிப்புக்கும் ஒழுங்குகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. 'ர்' ஒலி: தென் இங்கிலாந்தில் பெரும்பாலானோர் 'கார்' என்பதைக் 'கா' என நீட்டி முடிப்பர். ஸ்கொட்லாந்தில் பலரது பேச்சில் இறுதி 'ர்' தெளிவாக ஒலிக்கும். எழுத்தைப் பார்த்து வாசித்துப் பழகிய நமக்கு இது அனுகூலமாகும்.

2. தொண்டை ஒலி: ஏரியைக் குறிக்கும் 'லொக்' என்ற சொல்லின் இறுதி ஒலி, நாம் 'மகன்' என்னும்போது வரும் 'க' ஒலியை ஓரளவு ஒத்தது.

3. மறையும் 'ட்' ஒலி: கிளாஸ்கோவில் பலர் 'வோட்டர்' போன்ற சொற்களின் நடுவிலுள்ள 'ட்' ஒலியைத் தொண்டையிலேயே தடுத்துவிடுவர்.

4. தனிச்சொற்கள்: 'வீ' – சிறிய, 'ஐ' – ஆம், 'கென்' – அறி, 'லாஸ்' – பெண்பிள்ளை. இவை ஸ்கொட்ஸ் மொழியில் வழங்குபவை. கவிஞர் ரொபேர்ட் பேர்ன்ஸ் (1759–1796) இம்மொழியிலும் பல பாடல்களை இயற்றினார்.

ஆகவே, இதனைப் 'பிழையான ஆங்கிலம்' எனக் கொள்வது தவறு.

மனங்கொள்க: விளங்காதபோது, மெதுவாகச் சொல்லும்படி பணிவுடன் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. விளங்கியதுபோல் தலையாட்டினால் தவறான தரிப்பிடத்திலேயே இறங்க நேரிடும்.

பயிற்சி: ஸ்கொட்லாந்து உச்சரிப்பின் இரு இயல்புகளை உதாரணத்துடன் விளக்குக.