கம்பியா? நைலானா? (ஒரு கிட்டார் வாங்கிய கணக்கு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "டெக்னிக்கலா ஏதாவது எழுதுப்பா" என்றார் நம் பேரவைச் செயலாளர். லேத், வெல்டிங், ஹைட்ராலிக்ஸ் எல்லாவற்றையும் சீனியர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் கிட்டாரைப் பற்றி எழுதுகிறேன். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் கிட்டாருக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். ஆறு கம்பி, ஒரு பலகை, அவற்றுக்கு நடுவே இழுவிசை. இது முழுக்க நம்ம பாடம்தான்!

கடையில் போய் "ஒரு கிட்டார் கொடுங்க" என்றால் "எந்தக் கிட்டார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மின்சாரக் கிட்டார் ஒன்று உண்டு. அதற்கு ஆம்ப்ளிஃபயர் தனியாக வாங்க வேண்டும், நம் பட்ஜெட்டுக்கு அது சரிப்படாது, விட்டுவிடுவோம். மீதி இரண்டு. எஃகுக் கம்பி போட்டது ஒன்று, நைலான் நரம்பு போட்டது மற்றொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், கம்பிக் கிட்டாரின் கழுத்து ஒல்லி, மேல்முனையில் சுமார் 43 மில்லிமீட்டர் அகலம். நைலான் கிட்டாருக்குக் கழுத்து அகலம், சுமார் 52 மில்லிமீட்டர். தலைப்பகுதியில் இரண்டு நீளப் பள்ளம் வெட்டியிருக்கும். சத்தமும் வேறு. கம்பி கணீரென்று பேசும், நைலான் கொஞ்சம் தணிந்து பேசும்.

நான் வாங்க நினைத்தது கம்பிக் கிட்டார்தான். காரணம் இளையராஜா! 'பயணங்கள் முடிவதில்லை' படம் வந்தது 1982-இல். எங்கப்பாவே அப்போது சின்னப் பிள்ளை. ஆனால் அதில் வரும் 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் கேட்டால் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிடுவேன். ஒரு கம்பிக் கிட்டார் வாங்கி, அதை மட்டுமாவது வாசித்துவிட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. கையில் 7,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மீதி புரியும். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறார், அம்மா தார் சுற்றித் தருகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். கோர்வைச் சேலை பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறமாக இருக்கும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. ஒரே ஆளால் முடியாது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். காலேஜ் விட்டு வந்த பிறகும் லீவு நாளிலும் அந்த இன்னோர் ஆள் நான்தான். என் இடத்தில் வெளியாள் உட்கார்ந்தால் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி மிச்சமாவதில்தான் என் செமஸ்டர் ஃபீஸும் ஓடுகிறது, கிட்டார்ப் பணமும் சேர்ந்தது.

சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர். கடையில் வயதான ஒருவர் கம்பிக் கிட்டாரை எடுத்துக் கையில் கொடுத்தார். நான் நரம்பை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"டிப்ளமோ சார். வீட்ல தறி இருக்கு. நானும் உட்காருவேன்."

"பருத்தியா, பட்டா?"

"பட்டு சார்."

"அப்போ ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதை ரெண்டு மாசம் வாசிச்சுட்டுப் பட்டைத் தொடுங்க. இழை விரல்ல மாட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நெசவு தெரியாதவர்களுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றும். பட்டு இழை மிக மெல்லியது. விரலில் ஒரு சொரசொரப்பு இருந்தால் போதும், பிடித்து இழுத்துவிடும், பிசிறு கிளம்பும். பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! அங்கே விரல்தான் கருவி. "காய்ச்சுப் போன கையோட பாவு கிட்ட வராதே" என்று அம்மா அடிக்கடி சொல்வார். விடுமுறையில் சித்தாள் வேலைக்குப் போன என் நண்பனை ஒரு மாதம் தறிப் பக்கமே விடவில்லை.

சரி, கம்பி ஏன் விரலை அப்படிக் காய்க்க வைக்கிறது? இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. சுரமானி என்ற பெட்டியை இயற்பியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். கம்பியை இழுத்துக் கட்டி, எடை தொங்கவிட்டு, மீட்டிப் பார்ப்போமே, அதுதான். அந்த விதியை 1636-இல் பிரான்சு நாட்டு மெர்சென் என்ற பாதிரியார் எழுதி வைத்தார். நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இழுவிசையால் மட்டும் இரட்டிப்பாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு இழுக்க வேண்டும். அதே சுரம், அதே நீளம் என்றால், கம்பி எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கமாகக் கட்டியாக வேண்டும்.

கிட்டாரின் முதல் நரம்பு விநாடிக்குச் சுமார் 330 முறை அதிர வேண்டும். நீளம் இரண்டு வகையிலும் ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், நைலானுக்குச் சுமார் 1.1. வீட்டுக்கு வந்து நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 0.30 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிக்குப் பத்தரை கிலோ இழுவை வருகிறது. 0.71 மில்லிமீட்டர் நைலானுக்கு ஏழெட்டு கிலோ. ஆறு நரம்பையும் கூட்டினால் சாதாரண கம்பிக் கிட்டாரில் எழுபது கிலோவுக்கு மேல், நைலான் கிட்டாரில் நாற்பது கிலோ அளவில் நிற்கும். ஒரு ஆள் தொங்குவதற்கும் ஒரு சின்னப் பையன் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்!

ஆனால் விரலுக்கு இழுவையைவிட முக்கியம் தடிமன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது, முதலாமாண்டே படித்தோம். 0.30 மில்லிமீட்டர் கம்பி கத்தி முனை மாதிரி ஒரே கோட்டில் தோலை அறுக்கிறது. நைலான் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிமன், அழுத்தும் விசையும் குறைவு, மேற்பரப்பும் வழவழப்பு. தோல் இதிலும் தடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிளந்து செதில் செதிலாக வராமல் மழமழவென்று தடிக்கிறது. பட்டுக்கு அந்த வித்தியாசம் போதும்.

நைலான் கிட்டாரைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. கழுத்து அகலம், சத்தம் குறைவு, நண்பர்கள் மத்தியில் "கெத்து" கிடையாது! ஆனால் கடைக்காரர் அதை மடியில் வைத்து ஒரு நிமிஷம் வாசித்தார். பஸ்ஸில் வரும் கணீர் சத்தம் இல்லை. அதிகாலையில் பக்கத்து வீட்டில் மெதுவாகப் பேசுகிற மாதிரி இருந்தது. பையோடு சேர்த்து 6,400 ரூபாய். வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் அதன் சரித்திரத்தைப் படித்தேன். இந்த 650 மில்லிமீட்டர் அளவையும் உடல் வடிவத்தையும் நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அன்டோனியோ டி டோரஸ் (1817–1892). அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர் ஆந்த்ரேஸ் செகோவியா. இவர் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1912-இல் மாட்ரிட் நகரில் ஒரு கச்சேரிக்காக நல்ல கிட்டார் ஒன்றை வாடகைக்குக் கேட்டு மானுவேல் ராமிரெஸ் என்பவரின் கடைக்குப் போனார். வாசித்துக் காட்டினார். கடைக்காரர் வாடகை வேண்டாம், காசும் வேண்டாம் என்று கிட்டாரையே கொடுத்துவிட்டார். அந்தக் கிட்டார் இப்போது நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (எனக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை, பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தேன்.)

அந்தக் காலத்தில் நைலான் ஏது? மேல் மூன்று நரம்பும் ஆட்டுக் குடலில் செய்தவை. இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையில் நரம்பு செய்து பார்த்தார், செகோவியா ஆதரித்தார். 1940-களின் கடைசியில் அது கடைக்கு வந்தது.

கீழ் மூன்று நரம்பின் கதைதான் எங்கள் வீட்டையே ஆச்சரியப்படுத்தியது. தடித்த நரம்பு கனமாகவும் இருக்க வேண்டும், விறைப்பில்லாமல் வளையவும் வேண்டும். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே பட்டு இழைக் கற்றை, அதன் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்கள். நைலான் வந்த பிறகு உள்ளே பட்டுக்குப் பதில் நைலான் இழைக் கற்றை, அவ்வளவுதான். அறுந்துபோன நான்காம் நரம்பை அப்பாவிடம் காட்டினேன். நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஜரிகைடா இது!" என்றார். அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். செம்பில் வெள்ளி முலாம் என்றால் அது 'ஹாஃப் ஃபைன்' ரகம். "உன் கிட்டார்ல இருக்கிறது ரெண்டாம் நம்பர் ஜரிகை" என்று தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கிளாசிக்கல் முறையில் வலது கை நகத்தை வளர்த்து, நகத்தால் மீட்டுவார்கள். நகம் வளர்த்தால் தறியில் கதை முடிந்தது! இதற்கும் வழி கிடைத்தது. பிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பானிஷ் மேதை, கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையாலேயே வாசித்தாராம். நானும் அப்படித்தான். சத்தம் இன்னும் குறையும், பரவாயில்லை, எங்கள் வீட்டில் ஒரே அறை.

நீங்கள் வாங்கப் போவதானால் சில விஷயம் பாருங்கள். கழுத்தைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைவு முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், நாம் ஸ்ட்ரெயிட் எட்ஜ் பார்ப்பது போலத்தான். பன்னிரண்டாம் கட்டை நரம்பின் சரிபாதியில் இருக்க வேண்டும். அங்கே அழுத்தி மீட்டும் ஒலியும், அழுத்தாமல் சும்மா தொட்டு மீட்டும் ஒலியும் ஒன்றாகக் கேட்க வேண்டும். வேறுபட்டால் அந்தக் கிட்டாரை வாழ்நாள் முழுக்கச் சுருதி சேர்க்க முடியாது. அதே இடத்தில் நரம்பு கட்டையிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் விரல் நோகும். நைலான் நரம்பு புதிதில் பத்து நாள் நீண்டுகொண்டே இருக்கும், தினமும் முறுக்க வேண்டியதுதான். பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

"சத்தம் பத்தலை" என்று நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டுகிறவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கம்பிக் கிட்டாரில் எழுபது கிலோவைத் தாங்க உள்ளே எக்ஸ் வடிவில் முட்டுச் சட்டம் கொடுத்திருப்பார்கள், கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஓடும். நைலான் கிட்டாரில் பெரும்பாலும் இவை இரண்டும் கிடையாது. பிரிட்ஜ் பசையில்தான் நிற்கிறது. கொஞ்ச நாளில் பலகை உப்பி, பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

அப்படிப் பிய்ந்த கிட்டார் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மெக்கானிக்கல் பிளாக்கில் என்னிடம் கொண்டு வாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜி-கிளாம்ப் இருக்கிறது. ஒட்டிப் பார்ப்போம்.