இலாபக் கணக்குக்குப் பின்னுள்ள பக்கங்கள்

சப்ரகமுவத் தோட்டங்களைக் கண்ணால் காணாதவர்கள் அவற்றின் பங்குகளை வாங்குவது பழைய வழக்கம். லண்டனில் பதிவான 'ஸ்டேர்லிங் கம்பனிகள்' தேயிலையும் இறப்பரும் பயிரிட்ட காலத்தில், பிரித்தானியப் பங்குதாரர் பெரும்பாலும் ஆண்டறிக்கையில் அச்சான ஏக்கர் கணக்கையும் பங்கிலாபத்தையும் நம்பியே முதலிட்டனர். 1975இல் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. பலாங்கொடை, கஹவத்தை, கேகாலை ஆகிய பெயர்களைத் தாங்கிய கம்பனிகள் பின்னர் கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. அவற்றின் ஆண்டறிக்கைகளும் காலாண்டறிக்கைகளும் சந்தையின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வாசிப்பவர் பெயரைக்கொண்டு இடத்தை ஊகிக்கலாகாது. பலாங்கொடைக் கம்பனியின் தோட்டங்களில் சில பதுளையில் இருக்கின்றன. ஆகவே தோட்டப் பட்டியலையும், தேயிலை, இறப்பர் என்று பிரித்துக் காட்டும் பரப்பையும், சொந்தக் கொழுந்துக்கும் சிறுதோட்டக்காரரிடம் வாங்கிய கொழுந்துக்கும் உள்ள விகிதத்தையும் முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்து வருவது நிலம். கம்பனிகள் நிலத்துக்கு உரிமையாளர் அல்ல. 1992 ஜூன் முதல் 53 ஆண்டுகளுக்கு, அதாவது 2045 வரை, அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றவை. திறைசேரிச் செயலாளரின் பெயரிலுள்ள 'தங்கப் பங்கு' என்னும் சிறப்புப் பங்கின்படி, குத்தகை உரிமையைப் பிறருக்கு மாற்ற அரசின் இணக்கம் தேவை. இறப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழிந்தே பால்வெட்டுக்கு வரும், அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தரும் என்பதால், இன்று நடும் கன்றின் ஆயுள் குத்தகைக் காலத்தைத் தாண்டிவிடுகிறது. மீள்நடுகைச் செலவு ஆண்டுக்காண்டு சுருங்கும் அறிக்கையில் இந்தக் கணக்கும் மறைந்திருக்கக்கூடும்.

இலாபத்தைப் படிக்கும்போது 'உயிரியல் சொத்து' என்னும் தலைப்பைத் தவறவிடக்கூடாது. வெட்டி விற்கும் நோக்கில் வளர்க்கும் மரங்களுக்கு, கணக்கீட்டு நியமப்படி ஆண்டுதோறும் சந்தைப் பெறுமதி மதிப்பிடப்பட்டு, கூடிய தொகை இலாபமாகப் பதியப்படுகிறது. மரம் வெட்டப்படவில்லை, காசு கைக்கு வரவில்லை, எனினும் இலாபம் உயர்ந்துவிடுகிறது. இது முறைகேடு இல்லை. ஆனால் தேயிலையில் நட்டமடைந்த ஆண்டை மரக்கணக்கு அழகாகக் காட்ட முடியும் என்பதால், காசுப் பாய்ச்சல் கூற்றை, அதாவது பணம் உண்மையில் வந்ததையும் போனதையும் காட்டும் பக்கத்தை, அதனருகே வைத்துப் பார்க்காதவர் ஏமாறுவார்.

எல்லாவற்றையும்விடக் கனமான குறிப்பு பணிக்கொடை பற்றியது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்த தொழிலாளி விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் கடைசிச் சம்பளத்தின் அடிப்படையில் பணிக்கொடை பெறுகிறார். கடைசிச் சம்பளமே அடிப்படை என்பதால், சம்பளம் கூடும் நாளில் கடந்த ஆண்டுகள் அனைத்துக்குமான கடனும் ஒருசேரக் கூடிவிடுகிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானபோதும் நாளாந்தச் செலவோடு இந்தக் கடனும் ஏறியது. கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் உழைத்துச் சேர்த்த பணம் நிலுவைத் தாளில் கம்பனியின் பொறுப்பாக நிற்கிறது. அதற்கெனத் தனி நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா என்பது பங்கு வாங்குபவரும் தொழிலாளியும் ஒருங்கே தேடவேண்டிய விடை.

மீதியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பெரும்பங்கைத் தாய்க்குழுமமே வைத்திருக்கும் கம்பனியில் சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவு. விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைப்பது அரிது. முதல் இருபது பங்குதாரர் பட்டியல் இதைக் காட்டும். முகாமைக் கட்டணமும் சகோதரக் கம்பனிகளுக்குக் கொடுத்த கடனும் 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பில் இருக்கும். கணக்காய்வாளர் தம் அபிப்பிராயத்துக்கு ஏதேனும் விலக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பந்தி தலைவர் உரையின் பத்துப் பக்கங்களுக்கு மேலானது.

தனியார்மயமாக்கலின்போது இக்கம்பனிகளின் பத்து வீதப் பங்குகள் தொழிலாளருக்கும் ஏனைய ஊழியருக்கும் இலவசமாகப் பகிரப்பட்டன. அந்தப் பங்குகளை விற்காமல் வைத்திருக்கும் லயத்துக் குடும்பங்கள் சட்டப்படி பங்குதாரர்களே. ஆண்டறிக்கையைக் கேட்டுப் பெறவும், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பணிக்கொடைக் குறிப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் அவர்களுக்கு உரிமை உண்டு.