வீட்டுக் கைவேலையும் குறைந்தபட்சக் கூலியும்

நம் ஹவுரா மாவட்டத்துப் பாஞ்ச்லா பக்கம் போனால், வீட்டுக்கு வீடு மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஜரிகை வேலை நடக்கும். படாபஜார் மகாஜன் ஓஸ்தாகரிடம் கொடுப்பார். ஓஸ்தாகர் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். கூலியெல்லாம் வாய்ப்பேச்சுதான். இவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று உண்டா என அன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அதற்கு விடையாகவே இச்சிறு கட்டுரை.

இது பழைய வழக்கு. இங்கிலாந்தில் 1909-இல் தொழில் வாரியச் சட்டம் வந்தது. கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லைப்புற உலையில் இரும்புச் சங்கிலி அடித்து வந்தார்கள். அவர்களுக்கு மணிக்கு இரண்டரை பென்னி என்று வாரியம் நிர்ணயித்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய கூலிக்கே சம்மதம் என்று எழுதிய தாளில், எழுத்தறியாத அப்பெண்களிடம் ஒப்பம் வாங்கிவிட்டார்கள். 1910-இல் மேரி மெக்ஆர்தர் துணையோடு பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகே காசு கைக்கு வந்தது.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், சரக்கை வாங்கிப்போய் வீட்டில் செய்து தருபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. ஆனால் மூன்று ஓட்டைகள். கூலி நாள் கணக்கு, வேலையோ உருப்படிக் கணக்கு. ஓர் உருப்படிக்கு எத்தனை மணி என்று யார் அளந்தது? முதலாளி மகாஜனா, ஓஸ்தாகரா? சரியில்லை என்று கழித்ததற்கு என்ன கணக்கு?

இவற்றை அடைக்கப் பார்த்தது 1966-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம். இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்றது. அதன்கீழ் வந்த விதிகள் கழிவுக்கு வரம்பு கட்டின. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று நிர்ணயமாயிற்று. அச்சட்டம் செல்லும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் முர்ஷிதாபாதில் அரசு அறிவித்த வீதம் ஒன்று, முன்ஷி கையிலிருந்து கிடைத்தது அதைவிடக் குறைவு.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீட்டிலிருந்து உழைப்போரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கூலித் தொகுப்பிலோ 1948-இன் அந்த வாசகம் இல்லை. ஆகவே இனி இவர்கள் தொழிலாளியா என்பதிலிருந்தே வாதம் தொடங்கும்.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். சரக்குக்குச் சலான் இருக்கு, பில் இருக்கு. கைக்கூலிக்குத்தான் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கொடுத்த தேதி, உருப்படி, பேசிய கூலி, கழித்தது, கொடுத்த ரூபாய் இவ்வளவும் எழுதிய சிறு புத்தகம் அந்தப் பெண்ணின் கையில் இருக்கட்டும். ஆய்வாளர் வந்தாலும் வழக்கு நடந்தாலும் பேசப்போவது அந்தப் புத்தகந்தான். எழுதித்தர நம் போன்றோருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.