மது இருக்கிறது, மன்றம் இல்லை: போல்டன் நகரத்துப் பப்புகள் மறைந்த வரலாறு

வட இங்கிலாந்தில், மாஞ்செஸ்டருக்கு வடமேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போல்டன் என்னும் பஞ்சாலை நகரத்தில், 1937ஆம் ஆண்டு முதல் ஓர் அபூர்வமான ஆராய்ச்சி நடைபெற்றது. பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகளிடையே வாழ்ந்து அவர்களுடைய வழக்கங்களை ஆராய்ந்து திரும்பியிருந்த டாம் ஹாரிசன் என்பவர், அதே சிரத்தையோடு தம் சொந்த தேசத்துத் தொழிலாளரின் அன்றாட ஜீவிதத்தையும் ஏன் ஆராயலாகாது என்று கருதி, நண்பர்களுடன் ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, போல்டனைத் தம் ஆய்வுக்களமாகத் தேர்ந்துகொண்டார். அவருடைய குழுவினர் மாலை வேளைகளில் ‘பப்’ எனப்படும் மதுச்சாலைகளில் போய் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எங்கே அமர்கிறார்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு கிளாஸ் பீரைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்துவைத்தனர். அக்குறிப்புகளிலிருந்து உருவாகி 1943இல் வெளிவந்த ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ என்னும் நூல், வீட்டையும் வேலைத்தலத்தையும் நீக்கிப் பார்த்தால், அந்நகரத்து ஜனங்கள் மிகுதியான பொழுதைக் கழித்த கட்டடம் பப்தான் என்று முடிவு சொல்லிற்று. மாதாகோயிலும் சினிமாக் கொட்டகையும்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தன.

ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் வாழ்ந்த அந்த நகரில் அப்போது சுமார் 300 பப்புகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இப்போது இல்லை. சில இடிக்கப்பட்டன, சில குடியிருப்புகளாயின, சில பலசரக்குக் கடைகளாயின. இது போல்டனுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. பிரிட்டிஷ் சர்க்காரின் புள்ளிவிவர அலுவலகக் கணக்கின்படி, 2008இல் நாடெங்கும் சுமார் 50,000 ஆக இருந்த பப்புகள் பத்தே ஆண்டுகளில் சுமார் 39,000 ஆகக் குறைந்துபோயின. இந்தச் சரிவைக் காலத்தின் இயல்பான போக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நிகழ்ந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால், சட்டம் இயற்றியோரும், வரி விதித்தோரும், கட்டடங்களை வாங்கி விற்றோரும் தனித்தனியே செய்த முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு நகரத்தின் பொது அறையைப் பூட்டிவிட்டன என்பது புலப்படும்.

ஓர் அறையல்ல, பல அறைகள்

அக்காலத்துப் பப் ஒரே கூரையின் கீழ் பல சமூகங்களுக்கு இடம் தந்தது. ‘வால்ட்’ என்னும் பகுதி ஆண்களுக்கே உரியது. ஆலையிலிருந்து நேராக வந்தவர்கள், அழுக்குப் படிந்த உடுப்போடு, அங்கே நின்றபடியே குடித்தார்கள். ‘டாப் ரூம்’ என்னும் அறையில் டாமினோவும் சிறு அம்பெறியும் ‘டார்ட்ஸ்’ ஆட்டமும் நடந்தன. மெத்தை நாற்காலிகளும் பியானோவும் கொண்ட நல்ல அறையில், சனி, ஞாயிறு மாலைகளில் மனைவியரும் வந்து அமர்ந்தனர். அங்கே அதே பீருக்கு ஒரு பென்னி அதிகம். இவ்வாறு வர்க்கத்தையும் பாலையும் கொண்டு மனிதரைப் பிரித்துவைத்த அமைப்பு அது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், பரஸ்பர உதவிச் சங்கங்களும், தொழிற்சங்கக் கிளைகளும், பந்தயப் புறா வளர்ப்போரும், வாரந்தோறும் சில்லறை சேர்த்துப் பண்டிகைக்குப் பங்கிட்டுக்கொள்ளும் சேமிப்புக் குழுக்களும் கூடிய இடமும் அதுவே. ஒரு கூட்டமாக அமர்ந்தவர்கள் தம்மையறியாமலே ஒரே வேகத்தில் குடித்து, ஏறத்தாழ ஒரே சமயத்தில் கிளாஸைக் காலிசெய்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டது, அவர்கள் எதைத் தேடி அங்கே வந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சியாகும். அவர்களுக்குப் பானத்தைவிடச் சகவாசமே பிரதானம்.

நகரத்தின் கேளிக்கையும் பப்பின் மடியில்தான் பிறந்தது. 1830களில் தாமஸ் ஷார்ப்பிள்ஸ் என்பவர் போல்டனில் தம் மதுச்சாலையோடு சேர்த்து நடத்திய இசை அரங்கம், பின்னர் ‘ஸ்டார்’ என்று பிரசித்தி பெற்று, ‘மியூசிக் ஹால்’ என்னும் கலைவடிவத்தின் ஆதி ஸ்தலங்களுள் ஒன்றாயிற்று. சர்ச்கேட் தெருவில் இன்றும் நிற்கும் ‘மேன் அண்ட் ஸைத்’ என்னும் மதுச்சாலையின் பெயர் 1251ஆம் ஆண்டுச் சந்தைச் சாசனத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின் முடிவில், 1651இல், டெர்பிப் பிரபு சிரச்சேதம் செய்யப்பட்டது அதன் வாசலுக்கு அருகிலேதான்.

ஆலை மூடியபோது

பப்புகள் பெருகியதற்கும் ஒரு சட்டமே காரணம். ஜின் என்னும் கடுமையான சாராயத்திலிருந்து ஏழைகளைப் பீரின் பக்கம் திருப்பும் நோக்கத்துடன், 1830இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், இரண்டு கினி கட்டணம் செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று அனுமதித்தது. தெருமுனைதோறும் பீர்க்கடைகள் முளைத்தன. 1869க்குப் பிறகு மாஜிஸ்திரேட்டுகள் அனுமதிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும், பீர் காய்ச்சும் ஆலைகள் அக்கடைகளை விலைக்கு வாங்கித் தங்கள் சரக்கை மட்டுமே விற்கும் ‘கட்டுண்ட’ கடைகளாக மாற்றிக்கொண்டன. போல்டனில் அவ்வாறு ஆதிக்கம் பெற்றது மகீ மார்ஷல் என்னும் உள்ளூர் ஆலை.

அந்தப் பப்புகளின் வாழ்வு பஞ்சாலைகளின் சங்கோடு பிணைந்திருந்தது. 1929இல் போல்டனில் 216 பஞ்சாலைகளும் சாயமிடுதலும் வெளுத்தலும் செய்யும் 26 தொழிற்சாலைகளும் இருந்தன. 1980களுக்குள் அத்தொழில் அநேகமாக அற்றுப்போயிற்று. ஆலையை அடுத்த வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் புறநகர்க் குடியிருப்புகளுக்குச் சென்றபோது, அவ்வீடுகளை நம்பியிருந்த தெருமுனைப் பப்புகள் வாடிக்கையாளரை இழந்தன. மகீ மார்ஷல் ஆலையும் 1958இல் வாரிங்டன் நகரத்துக் கிரீனால் விட்லி நிறுவனத்தின் கைக்குப் போய், 1970இல் மூடப்பட்டது. பஞ்சாலைகளின் இறுதிக் காலத்தில் இரவுநேர ஷிப்டுகளைத் தாங்கி நின்ற குஜராத்தியரும் பாகிஸ்தானியரும் அந்நகரிலேயே குடியேறி வாழ்கின்றனர். அவர்களுள் பலர் சமய நெறியால் மதுவைத் தொடாதவர்கள். இதைச் சுட்டிப் பப்பின் மறைவுக்கு அவர்களைப் பொறுப்பாக்குவோர் உண்டு. ஆனால் அயலவர் குடியேறாத ஊர்களிலும் பப்புகள் அதேபோல் மூடப்பட்டிருப்பதால், அந்த வாதம் நிற்பதில்லை.

1989இன் சீர்திருத்தம்

மிகப் பெரிய மாறுதல், நுகர்வோருக்கு நன்மை செய்யும் நோக்கத்துடனே வந்தது. ஆறு பெரிய பீர் நிறுவனங்கள் நாட்டின் வியாபாரத்தில் பெரும்பகுதியைத் தம் பிடியில் வைத்திருந்த நிலையில், ஏகபோக ஆணைக்குழுவின் அறிக்கையை ஏற்று, 1989இல் சர்க்கார் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2,000க்கு மேற்பட்ட பப்புகளை வைத்திருக்கும் ஆலை, அந்த மிகுதியில் பாதியைத் தன் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆலைகள் பப்புகளை ஆயிரக்கணக்கில் விற்றன. ஆனால் அவற்றை வாங்கியவர்கள், பெரும்பாலும், எதிர்பார்க்கப்பட்ட சுதந்திர வியாபாரிகள் அல்லர். பீரே காய்ச்சாத, கடன் வாங்கிக் கட்டடங்களைக் குவித்த ‘பப்கோ’ எனப்படும் புதிய நிறுவனங்களே.

ஆலைக்குப் பப் என்பது தன் சரக்கு போகும் வழி. ஆகவே வியாபாரம் மந்தமான பப்பையும் அது ஓரளவு தாங்கிக்கொண்டது. பப்கோவுக்கோ பப் என்பது கடனுக்கு ஈடாக வைத்த சொத்து. குத்தகைதாரர் வாடகையும் செலுத்தி, வெளிச்சந்தையில் கிடைப்பதைக் காட்டிலும் அதிக விலைக்கு அந்நிறுவனத்தின் மூலமாகவே பீரும் வாங்க வேண்டியிருந்தது. 2008இன் நிதி நெருக்கடியில் சொத்து மதிப்புச் சரிந்தபோது, கடனை அடைப்பதற்காக அந்நிறுவனங்கள் பப்புகளைக் கட்டுமானக்காரர்களுக்கும் பேரங்காடிகளுக்கும் விற்றன. பப்பைக் கடையாக மாற்றத் திட்ட அனுமதியே தேவையில்லை என்னும் விதி இங்கிலாந்தில் 2017 வரை நீடித்தமையால், பல ஊர்களில் அண்டை அயலார் அறிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

புகையும் வரியும்

பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது. ஊழியர்களின் ஆரோக்கியத்தைக் காத்த அச்சட்டம் நியாயமானதே. ஆயினும், தோட்டமோ சமையலறையோ இல்லாமல், பீரையும் சீட்டாட்டத்தையும் மட்டும் நம்பியிருந்த சிறு பப்புகளுக்கு அது பலத்த அடியாக விழுந்தது. மறு ஆண்டே, பணவீக்கத்துக்கு மேல் இரண்டு சதவீதம் வீதம் ஆண்டுதோறும் பீர் வரியை உயர்த்தும் ஏற்பாடு தொடங்கி, 2013 வரை நீடித்தது. வரி பேரங்காடிக்கும் உண்டு. ஆனால் பிற சரக்குகளின் லாபத்தைக்கொண்டு பீரை அடக்க விலைக்கு விற்க அதனால் முடியும். ஊழியர் சம்பளம், கணப்பு, விளக்கு, விற்றுமுதலை ஒட்டி நிர்ணயிக்கப்படும் கட்டட வரி ஆகிய அனைத்தையும் ஒரு கிளாஸின் விலையிலேயே ஏற்றியாக வேண்டிய பப்பால் முடியாது. 2010களின் நடுப்பகுதியில், பிரிட்டனில் பப்புகளில் விற்கும் பீரைவிட, வீட்டுக்கு வாங்கிச் செல்லும் பீரின் அளவு மிஞ்சிவிட்டது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பப்புகள் ஒரே நாளில் மூடப்பட்டதும், 2022இல் மின்சார, எரிவாயுக் கட்டணங்கள் திடீரென உயர்ந்ததும் இந்தப் பலவீனத்தின் மேல் வந்து விழுந்த சுமைகளே.

இரவு மாஞ்செஸ்டருக்குச் சென்றது

போல்டனின் பிராட்ஷாகேட் தெரு, வார இறுதி இரவுகளில் நடமாடவும் இடமின்றி இளைஞர் திரண்ட காலம் ஒன்று உண்டு. பப்புகள் 11 மணிக்கு மூடியதும் நடன கிளப்புகளில் கூட்டம் சேருவது அப்போதைய முறை. 2003இன் அனுமதிச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பப்புகளும் பின்னிரவு வரை திறந்திருக்கலாம் என்றானபோது, நுழைவுக் கட்டணம் கொடுத்து கிளப்புக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்தது. நாடு முழுவதும் 2005இல் மூவாயிரத்துக்கு மேல் இருந்த இரவு கிளப்புகள், பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1,700 ஆயின. வீட்டிலேயே மலிவாகக் குடித்துவிட்டு வெகுநேரங்கழித்து வெளியே கிளம்பும் வழக்கமும், மதுவையே நாடாத இளைஞர்கள் பெருகியதும் இதற்குத் துணைசெய்தன.

போல்டனுக்குத் தனியான காரணங்களும் இருந்தன. நகரத்துக் கால்பந்துக் குழுவான போல்டன் வாண்டரர்ஸ், நூறாண்டுகளாக ஆடிவந்த பர்ன்டன் பார்க் மைதானத்தை விட்டு, 1997இல் நகருக்கு வெளியே சில மைல் தொலைவிலுள்ள புதிய மைதானத்துக்குச் சென்றது. அதனுடன், ஆட்ட நாட்களில் நகரத்துப் பப்புகளை நிரப்பிய ஆயிரக்கணக்கானோரும் சென்றுவிட்டனர். ரயிலில் அரைமணிக்கும் குறைந்த பயணத்தில் மாஞ்செஸ்டரின் புதுப்பொலிவு பெற்ற வீதிகள் காத்திருக்கும்போது, இளைஞர் சொந்த ஊரில் தங்க மறுத்ததில் வியப்பில்லை. 2024 செப்டம்பரில் போல்டனுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே தொடங்கிய இரவுப் பஸ், நள்ளிரவில் வேலை முடிந்து திரும்பும் ஊழியர்களுக்குப் பெரும் உதவி. ஆனால் அந்நகரின் இரவு எங்கே கழிகிறது என்பதையும் அதுவே காட்டுகிறது.

மதுச்சாலை மூடினால் நன்மைதானே?

இக்கேள்வி அசட்டையாக ஒதுக்கத் தக்கதன்று. மதுவை முற்றாக விலக்கும் சபதத்தை ஜோசப் லைவ்ஸி என்பவரும் தோழர்களும் 1832இல் ஏற்றது, வரலாற்றில் போல்டனையும் உள்ளடக்கிய லங்காஷயர் பிரதேசத்தைச் சேர்ந்த பிரஸ்டன் நகரில்தான். சம்பளத்தைப் பப்பில் தொலைத்துவிட்டு வந்தவனின் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கண்ணெதிரே கண்டே அவர்கள் அந்த இயக்கத்தை வளர்த்தார்கள். பப்புகள் மறைந்ததனால் அத்துன்பமும் மறைந்திருக்குமானால், அவற்றுக்காக வருந்த நியாயமில்லை. ஆனால் நிகழ்ந்தது அதுவன்று. மது காரணமாக நேர்ந்த மரணங்கள் பிரிட்டனில் 2023இல் பத்தாயிரத்தைத் தாண்டி, அதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்த எண்ணிக்கையை எட்டின. பப்பில் குடித்தவனுக்கு ‘போதும்’ என்று சொல்ல ஒரு கடைக்காரர் இருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு சிநேகிதர் இருந்தார். கதவடைக்க ஒரு மணி இருந்தது. வீட்டின் குளிர்பெட்டிக்கு அவற்றுள் எதுவும் இல்லை.

மீட்கும் வழிகள்

சில நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003இல் கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் தங்கள் ஊரின் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பைக் கூட்டுறவு முறையில் வாங்கி வழிகாட்டினர். 2011இன் உள்ளாட்சிச் சட்டம், ஒரு கட்டடத்தைச் சமூகச் சொத்தாகப் பதிவுசெய்தால், விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்க வகை செய்தது. 2016 முதல், பெரிய பப்கோக்களின் குத்தகைதாரர்களுக்குச் சில உரிமைகளைத் தரும் விதிமுறைகள் நடப்பில் உள்ளன. 2023 ஆகஸ்டில், பீப்பாயிலிருந்து ஊற்றித் தரும் பீருக்குப் போத்தல் பீரைவிடக் குறைந்த வரி என்னும் கொள்கையும் முதன்முறையாகச் சட்டமாயிற்று.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதில் ஒரு சரியான தத்துவம் அடங்கியிருக்கிறது. கூடிக் குடிப்பதற்கும் தனித்துக் குடிப்பதற்கும் சமூக விளைவுகள் வேறு என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் வரியில் உள்ள சொற்ப வித்தியாசம் அந்த ஒப்புதலுக்கு ஈடானதாக இல்லை. நூலகத்தையும் பூங்காவையும் லாபக் கணக்கால் மட்டும் அளக்காத ஒரு நகரம், ஒரு கிளாஸின் விலைக்கு எவரும் வந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, மாலைப்பொழுதைக் கழிக்க முடிந்த அறையையும் அவ்வாறே மதிக்க வேண்டும். அந்த அறையில் தேநீரும் கிடைக்கலாம். மதுவை அறவே தொடாத குடும்பங்களும் அமரலாம். பெண்களை ஒதுக்கிய பழைய வால்ட் மீண்டும் வரவேண்டியதில்லை. போல்டன் மக்கள் கேட்க வேண்டியதும் சட்டம் செய்வோர் தர வேண்டியதும், ஊர் கூடி உட்கார ஓர் இடம் என்னும் அந்த உரிமைதான்.