ஊசி குத்தினால் முதுகுவலி தீருமா?

மரம் சீவிச் சீவி முதுகு பிடித்துக்கொண்டவர்கள், பட்டணத்துச் சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொண்டு வந்து, "வலி குறைந்துவிட்டது" என்கிறார்கள். மெய்யா, மனப்பிரமையா?

ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்தியவர்களில் நூற்றுக்கு 48 பேருக்கு ஆறு மாதம் கழித்தும் குணம் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்குத்தான். உடனே கைதட்டிவிடாதீர்கள்! மூன்றாம் பிரிவினருக்குச் சீன முறை சொல்லும் இடங்களை விட்டுவிட்டு, வேறு இடங்களில் மேலாகக் குத்தினார்கள். அவர்களிலும் 44 பேருக்குக் குணம்!

அப்படியானால் பெரும்பங்கு நம்பிக்கைக்குத்தானோ? இருக்கட்டுமே, நம்பிக்கையும் உடம்புக்குள்தான் வேலை செய்கிறது. 1978-இல் அமெரிக்காவில் பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் மருந்து கொடுத்தார்கள். அதை நம்பிச் சிலருக்கு வலி தணிந்தது. அபினியின் வேகத்தை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் வலி கூடிற்று. மூளையே அபினி போன்ற ஒன்றைச் சுரந்து வலியை அடக்கியிருக்கிறது!

என் கவலை வேறு. ஊசிக்குப் போகத் தொடங்கியதும் இனிப்புநீர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஜெர்மானியர் கண்ட பலன் முதுகுவலிக்கு. இரத்தத்தில் ஏறும் இனிப்புக்கு அல்ல.