அலையைக் கணினி பார்த்துக்கொள்ளும்... அப்போ படகோட்டிக்கு என்ன வேலை?

படகு முன்னால் போகிறது. பின்னால் எழும் அலையில் ஒருவர் பலகைமேல் நின்று சறுக்கிக்கொண்டு வருகிறார். கையில் கயிறுகூட இல்லை!

இணையத்தில் இப்படிப்பட்ட காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் வேக்சர்ஃபிங். கயிற்றைப் பிடித்தபடி அலைமேல் துள்ளிக் குதித்தால் அது வேக்போர்டிங்.

வேக்போர்டிங் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 2015ஆம் ஆண்டு இங்கு நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அதற்கான போட்டிகள் பிடோக் நீர்த்தேக்கத்தில் நடைபெற்றன.

சறுக்குபவரின் திறமை எல்லார் கண்ணிலும் படும். ஆனால் அந்த அலையை உருவாக்குவது யார்? படகை ஓட்டுபவர்தான். இப்போது அவருக்குத் துணையாகக் கணினியும் வந்துவிட்டது.

அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது எப்படி?

<b>அலை எப்படி உருவாகிறது?</b>

தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கையை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் மேலே எழும். படகும் அதையேதான் செய்கிறது. எடை கூடக்கூடப் படகு ஆழமாக அமிழும். அதிகத் தண்ணீர் விலகும். அலையும் பெரிதாகும்.

அதனால்தான் இத்தகைய படகுகளின் அடிப்பகுதியில் தொட்டிகள் இருக்கும். சுற்றியுள்ள தண்ணீரையே பம்பு மூலம் உள்ளே இழுத்து நிரப்புவார்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. பெரிய படகுகள் அதைவிட அதிகமாகவே சுமக்கும்.

<b>தானியங்கி முறை என்ன செய்கிறது?</b>

அது பொதுவாக 3 விஷயங்களைக் கவனித்துக்கொள்ளும்.

<b>வேகம்:</b> செயற்கைக்கோள் மூலம் படகின் வேகத்தைக் கணித்து, இயந்திரத்தின் விசையைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். வேக்சர்ஃபிங்கிற்குச் சுமார் 16 முதல் 19 கிலோமீட்டர் வேகம் போதும். வேக்போர்டிங்கிற்கு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

<b>எடை:</b> எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதைத் தொடுதிரையிலேயே முடிவு செய்யலாம்.

<b>அலையின் வடிவம்:</b> படகின் பின்புறத்தில் இரு பக்கமும் சிறு தகடுகள் இருக்கும். வலப்பக்க அலையில் சறுக்கவேண்டும் என்றால் இடப்பக்கத் தகடு வெளியே நீளும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அதனால் வலப்பக்க அலை கலையாமல் நீண்டு நிற்கும்.

முன்பெல்லாம் ஒரு பக்கத்தில் தண்ணீர்ப் பைகளை அடுக்கி, நண்பர்களையும் அதே பக்கத்தில் உட்காரவைத்துப் படகைச் சாய்ப்பார்கள். பக்கம் மாற்றவேண்டுமா? எல்லாவற்றையும் தூக்கி மறுபக்கம் வைக்கவேண்டும்! 2012ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கப் படகு நிறுவனங்கள் தகடு முறையை அறிமுகம் செய்தன. இப்போது ஒரு பொத்தான் போதும்.

<b>எங்கிருந்து தொடங்குவது?</b>

தொடுதிரையைத் தொடுவதற்கு முன்னால் படகைக் கையால் ஓட்டப் பழகுங்கள். திருப்புவது, நிறுத்துவது, துறையில் கட்டுவது எல்லாம் கைவசம் வரவேண்டும். சிங்கப்பூரில் இயந்திரப் படகை ஓட்டக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் விதிகளின்படி உரிமமும் வேண்டும்.

அடுத்து, சறுக்குபவர் யாரும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். தானியங்கி வேகம் இயங்கும்போது விசைப்பிடியைப் பின்னால் இழுத்தால் என்ன ஆகிறது? படகு உடனே வேகம் குறைகிறதா? அது உங்கள் கைக்குப் பழகிப்போகும்வரை பயிற்சி செய்யுங்கள். ஆபத்து நேரத்தில் திரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். வேகத்தையும் எடையையும் தகட்டையும் சேர்த்து மாற்றினால், அலை ஏன் மாறியது என்று தெரியவே தெரியாது. வேகத்தைச் சற்றுக் கூட்டினால் அலை பெரும்பாலும் நீளும். குறைத்தால் செங்குத்தாகி, நீளம் குறையும். திரையைப் பார்ப்பதைவிட அலையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

நல்ல அலை அமைந்ததும் அந்த அமைப்பைச் சறுக்குபவரின் பெயரில் சேமித்து வைக்கலாம். ஆனால் அடுத்த வாரம் படகில் 3 பேருக்குப் பதில் 8 பேர் ஏறினால்? அதே அமைப்பு அதே அலையைத் தராது. யார் எங்கே உட்காருகிறார் என்பதுகூட அலையை மாற்றும்.

<b>கணினிக்குத் தெரியாதவை</b>

"அதான் மெஷின் பாத்துக்குதே" என்று இருந்துவிட முடியாது. முன்னால் நீந்துபவர் ஒருவர் இருக்கிறார் என்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரியாது. சறுக்குபவர் விழுந்துவிட்டார் என்பதும் அதற்குத் தெரியாது.

• படகோட்டி முன்னால் பார்க்கவேண்டும். சறுக்குபவரைக் கவனிக்க இன்னொருவர் படகில் இருக்கவேண்டும்.

• சறுக்குபவர் விழுந்தால் வேகமாகத் திரும்பாதீர்கள். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு மெதுவாகத் திரும்புங்கள். இல்லாவிட்டால் படகின் அலைகள் ஒன்றோடொன்று மோதி நீர்ப்பரப்பே கொந்தளிக்கும்.

• அவர் படகில் ஏறும்போது இயந்திரம் அணைந்திருக்கவேண்டும். சுழலும் விசிறி உயிரைப் பறிக்கும். வெளிப்புற மோட்டார் பொருத்திய படகுகளில் விசிறி பின்பக்கமே இருப்பதால், அவற்றுக்குப் பின்னால் வேக்சர்ஃபிங் செய்யவே கூடாது.

• இயந்திரம் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரக்கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மயக்கம் வரும்வரை தெரியாது.

• தொட்டியில் உள்ள தண்ணீரும் எடைதான். பயணிகளையும் சேர்த்துப் படகு தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. முன்பக்கம் எடை கூடினால், தன் அலையே படகுக்குள் புகுந்துவிடலாம்.

<b>அலை நம்மோடு முடிவதில்லை</b>

பெரிய அலை கரையையும் போய்ச் சேரும். கட்டிவைத்த படகுகளை ஆட்டும், மண்ணை அரிக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. சாதாரணப் படகின் அலை சுமார் 60 மீட்டரில் அடங்கும் அளவுக்கு, வேக்சர்ஃபிங் அலை அடங்க 150 மீட்டருக்கும் அதிகத் தூரம் தேவைப்பட்டது. வெர்மான்ட் மாநிலம் 2024இல் கொண்டுவந்த விதியும் கரையிலிருந்து சுமார் 150 மீட்டர் இடைவெளியைக் கேட்கிறது.

பெரிய அலையை உருவாக்குவது இன்று சுலபம். எங்கே உருவாக்குவது, எப்போது நிறுத்துவது? அந்த முடிவு இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை அலையில் சறுக்குபவரைப் பார்த்துக் கைதட்டும்போது, படகை ஓட்டுபவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!