200 கிலோ டி.வி.யைப் பார்சல் கட்டலாமா?

சுவரில் காலண்டர் போலத் தொங்கும் டி.வி.தானே உங்களுக்குத் தெரியும்? உங்கள் தாத்தா வீட்டில் இருந்தது வேறு மாதிரி. முன்னால் கண்ணாடித் திரை, பின்னால் பெரிய முதுகு. மேஜை முழுவதும் அதற்கே வேண்டும்!

அந்த ரகத்தில் விற்பனைக்கு வந்ததிலேயே மிகப் பெரியது, ஜப்பானின் சோனி நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 43 அங்குல டி.வி. எடை சுமார் 200 கிலோ! இனி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால், ஒசாகா நகரில் ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் ஒன்று இருந்தது. அந்தக் கட்டடத்தையோ இடிக்கப் போகிறார்கள். பழைய வீடியோ கேம் பிரியர் ஒருவர் அவசர அவசரமாக அதை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். இந்தக் கதை 2024 டிசம்பரில் வீடியோவாக வெளியானது.

தூக்குவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறீர்களா? அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. அதுதான் பிக்சர் டியூப். அதற்குள் காற்றே கிடையாது, வெற்றிடம். வெளியே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ எடை வைத்தது போல அழுத்தும். 43 அங்குலத் திரைக்குக் கணக்குப் போட்டால் 5 டன்னுக்கும் மேல். அம்மாடியோவ், ஒரு பெரிய யானை! அதனால்தான் திரைக் கண்ணாடி அவ்வளவு தடிமன். ஆனால் டியூபின் பின்பக்கக் கழுத்து மெல்லியது. அங்கே சின்னக் கீறல் விழுந்தால் போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். டியூப் அவ்வளவுதான்! புதிதாக வாங்கிப் போடவும் முடியாது.

சரி, வீட்டு டி.வி. ஒன்றை எப்படி அனுப்புவது? கழன்று வரும் குமிழ்களைத் தனியாக எடுத்துச் சுற்றி வைக்க வேண்டும். திரைமேல் மெத்தென்று போர்வை. பிறகு அட்டைப்பெட்டி, அதைச் சுற்றிலும் கெட்டியான ஃபோம், அதற்கு வெளியே இன்னொரு பெட்டி. பொடிப்பொடித் தெர்மோகோலைக் கொட்டினால் போதாதா? போதாது! லாரி குலுங்கக் குலுங்க, கனமான டி.வி. அதற்குள் புதைந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். எடை முழுவதும் திரைப் பக்கம்தான் இருக்கும். எனவே காரில் கொண்டு போகும்போது மெத்தைமேல் திரையைக் கவிழ்த்து வைப்பவர்கள் உண்டு. கழுத்து மட்டும் கீழே போகவே கூடாது.

ஒரு எச்சரிக்கை: பரணில் பழைய டி.வி. இருந்தால் பின்மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

நூடுல்ஸ் கடை டி.வி. என்ன ஆனது? பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. படமும் தெரிந்தது!